சுற்றுச்சூழல் வழக்கறிஞரின் மேசையில் என்ன இருக்கும்?

"சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுற்றுச்சூழல் சட்டத்தில் ஈடுபாடு உண்டு. அது உண்மையிலேயே தனித் துறையா? அதில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன? மேல்நிலையில் அறிவியல் எடுக்காத என்னால் இதில் தாக்குப்பிடிக்க முடியுமா?" இதுதான் நீங்கள் கேட்டது. மூன்றையும் சேர்த்துப் படித்தபோது உள்ளே இருப்பது ஒரே கேள்வி என்று தோன்றியது. ஆற்றையும் காட்டையும் காக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிற ஒருவர் காலையில் மேசைமுன் உட்கார்ந்தால், அவர் கையில் என்ன இருக்கும்? அதற்கே பதில் சொல்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் பாதி பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம், பிறகு ஆலைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஆலோசனை. காட்டுயிர் வழக்குகளையும் பன்னாட்டுச் சட்டத்தையும் நான் ஓரமாக நின்று பார்த்ததுதான் அதிகம், அதனால் அவற்றைச் சுருக்கமாகவே தொடுவேன். பிரிவு எண்ணும் காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டுச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்புக்கூடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தனித் துறைதான், ஆனால் பல ஊற்றுகள் சேர்ந்து உண்டான துறை. பழைய ஊற்று அண்டைவீட்டுச் சண்டை. 1610இல் இங்கிலாந்தில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவர், பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பன்றித் தொழுவத்தின் நாற்றத்தால் தன் வீட்டில் குடியிருக்க முடியவில்லை என்று வழக்குப் போட்டார். பன்றி வாடையைத் தாங்காத அளவுக்கு மென்மையான மூக்கு ஒருவருக்கு இருக்கக்கூடாது என்று எதிர்த் தரப்பு வாதாடியது. ஆல்ட்ரெட் வென்றார். தொல்லை என்று சட்டம் சொல்கிற இந்த வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் தீங்கு நடந்த பிறகுதான் அது வேலை செய்யும், யார் செய்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஊரில் ஐம்பது புகைபோக்கிகள் எழும்பியபோது அது திணறியது. 1863இல் பிரிட்டன் வேறொன்றைச் செய்து பார்த்தது. சோடியம் கார்பனேட் ஆலைகள் வெளியிட்ட ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 சதவீதத்தை ஆலைக்குள்ளேயே பிடித்து வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, அதை அளந்து பார்க்க ஆய்வாளர்களையும் நியமித்தது. யாருக்குத் தீங்கு வந்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே ஒரு எண்ணை நிர்ணயித்து, அளக்க ஆளும் வைத்தது பெரிய திருப்பம். மூன்றாவது ஊற்று 1970 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன்பே அதன் விளைவை எழுதிக் காட்டு என்றது அது.

தீங்குக்குப் பின்னே, ஆலை ஓடும்போது, திட்டத்துக்கு முன்னே: இந்த மூன்று காலங்களை நினைவில் வைத்துக்கொண்டால் பிரிவுகளைப் புரிந்துகொள்வது எளிது. வெளியில் இருப்பவர்கள் கண்ணில் படுவது முதலாவது மட்டும்தான், அதாவது பெரிய வழக்கும் பெரிய இழப்பீடும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போவது நடுவில் உள்ளதற்கு. அதையே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பில் இதைச் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஆலை இயங்க அரசு தரும் அனுமதி ஆணையில் நிபந்தனைகள் இருக்கும். கழிவுநீரில் இந்தப் பொருள் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி வரும். பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கும். இந்த ஒரு வரிக்குள் எத்தனை ஓட்டைகள் இருக்கலாம் என்று பாருங்கள். வெறும் செறிவை மட்டும் சொல்லி மொத்த அளவைச் சொல்லவில்லை என்றால், நல்ல தண்ணீரை ஊற்றிக் கலக்கி எண்ணைக் கீழே கொண்டுவந்துவிடலாம். ஆற்றுக்குள் போகும் விஷத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. அப்புறம், அந்த எண் எப்போது எடுத்தாலும் பொருந்த வேண்டிய உச்சவரம்பா, ஒரு நாள் சராசரியா, மாதச் சராசரியா? மாதச் சராசரி என்றால், ஒரே இரவில் மீன்கள் செத்து மிதக்கும் அளவுக்குத் திறந்துவிட்டாலும் மாதக் கடைசியில் கணக்குச் சரியாகிவிடலாம். மாதிரி எடுக்கும் இடம் எது? சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலா, மழைநீரும் சேர்ந்த பிறகு வரும் குழாயா? அளப்பது யார், ஆலையா, வெளி ஆய்வகமா? அளந்த கணக்கை யார் பார்க்கலாம்? இவற்றில் ஒன்று எழுதப்படாமல் போனாலும், பத்து வருடம் கழித்து நடக்கும் வழக்கில் மக்கள் பக்கம் நிற்பவர் கை கட்டப்பட்டிருக்கும்.

இந்தத் துறையைப் பற்றி நான் உறுதியாக நம்புவது இதுதான்: ஒரு ஆற்றின் கதி பெரும்பாலும் நீதிமன்றத்தில் முடிவாவதில்லை, அனுமதி ஆணையின் நிபந்தனைப் பக்கத்தில் முடிவாகிறது. அந்தப் பக்கத்தை எழுதுபவர், எழுதும்போது எதிர்ப்பவர், எழுதிய பிறகு நடைமுறையாகிறதா என்று பார்ப்பவர் ஆகிய மூன்று பேருமே சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள்தான். முதலாமவர் அரசுத் துறையிலோ மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பிலோ இருப்பார். இரண்டாமவர் ஒரு மக்கள் குழுவுக்காகவோ தொண்டு நிறுவனத்துக்காகவோ ஆட்சேபணை எழுதுவார். மூன்றாமவர் ஆலையின் சம்பளத்திலேயே இருக்கலாம். ஆலைக்காக வேலை செய்தால் மனசாட்சியை விற்றதாகாதா என்று படிக்கும் காலத்தில் நானும் நினைத்திருக்கிறேன். பிறகு ஒரு ஆலைக்கு ஆலோசகராகப் போனேன். அவர்களுடைய கண்காணிப்புக் கிணற்று நீர் ஆறு வருடமாகச் சுத்தமாகவே இருந்தது. நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்ற வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. கிணறு கழிவுக் குட்டைக்கு மேல்நோட்டத்தில் தோண்டப்பட்டிருந்தது. குட்டையிலிருந்து கசிவது அதன் பக்கம் வர வழியே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தெரியவில்லை. கிணற்றைக் கீழ்நோட்டத்தில் தோண்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தோண்டினார்கள், கசிவு தெரிந்தது, குட்டைக்கு அடித்தளம் போட்டார்கள். அந்த ஒரு கடிதம் செய்த நன்மையை என்னுடைய சில வெற்றிகரமான வழக்குகள் செய்யவில்லை. அதே சமயம், சொன்னால் கேட்காத கட்சிக்காரரும் உண்டு. அப்போது வக்காலத்தைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு இருக்க வேண்டும். ஆலைகளுக்கு எதிர்த்தரப்பில் மட்டும்தான் நிற்பேன் என்று முடிவெடுப்பவர்களையும் நான் மதிக்கிறேன். அவர்கள் இல்லாமல் இந்தத் துறை ஒரு நாளும் ஓடாது.

அடுத்து, திட்டத்துக்கு முன்னால் நடப்பது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இன்று உலகின் மிகப் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை பற்றி நடந்த வழக்கில், எல்லை தாண்டிப் பெரிய தீங்கு வரக்கூடிய தொழில் திட்டத்துக்கு இத்தகைய மதிப்பீடு செய்வது பொதுவான பன்னாட்டுச் சட்டத்தின் தேவை என்று கருதலாம் என 2010இல் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது. இதில் வழக்கறிஞர் செய்வது, சில நூறு பக்க அறிக்கையைப் படித்து அது எங்கே மௌனமாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. எல்லா நாட்டிலும் திரும்பத் திரும்ப வரும் குறைகள் சில உண்டு. பெரிய திட்டத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் மதிப்பீட்டு வரம்புக்குக் கீழே இருப்பதாகக் காட்டுவது. வறண்ட பருவத்தில் மட்டும் அளவெடுத்துவிட்டு மழைக்காலத்தில் அந்த நிலம் சதுப்பாகிவிடும் என்பதை விட்டுவிடுவது. பக்கத்தில் ஏற்கெனவே மூன்று ஆலைகள் இருந்தும் தன் ஆலையின் புகையை மட்டும் கணக்கிட்டு, நான்கும் சேர்ந்தால் என்னவாகும் என்பதைத் தொடாமல் போவது. மாற்று இடம், மாற்று வழி பற்றி ஒரே பத்தியில் முடித்துவிடுவது. கடைசியாகச் சொன்னதை முதலில் படியுங்கள். மாற்று வழியைப் பற்றி உண்மையாக யோசித்திருக்கிறார்களா என்பது அந்த ஒரு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

சரி, குறையைக் கண்டுபிடித்து வழக்கிலும் ஜெயித்துவிட்டோம், திட்டம் நின்றுவிடுமா? இங்கே தெளிவாக இருங்கள், உங்களிடம் வருபவர்களிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் நிற்காது. அனுமதி ரத்தாகும், மறுபடி ஒழுங்காக மதிப்பீடு செய் என்று திருப்பி அனுப்புவார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது: முன்பு சொன்ன தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் தடுப்பது விவரம் தெரியாமல் எடுக்கும் முடிவைத்தான், விவேகமற்ற முடிவை அல்ல. ஆனாலும் இதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மறுமதிப்பீட்டில் ஒரு வருடம் கிடைக்கும், மறைந்திருந்த தகவல் வெளியே வரும், சில நேரம் திட்டமே இடம் மாறும். உரிமையை மட்டும் நம்பி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி தீங்குக்குப் பிறகு. இழப்பீட்டு வழக்கில் சட்டக் கோட்பாடு இன்று பெரிய தடை அல்ல. 1868இல் இங்கிலாந்தில், ஒரு நிலத்தில் தேக்கிய நீர் அண்டை நிலத்துச் சுரங்கத்தில் புகுந்ததற்கு, கவனக்குறைவு இருந்ததா என்று பார்க்காமலே நீரைத் தேக்கியவர் பொறுப்பு என்று ரைலண்ட்ஸ் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் அதற்குப் பல விதிவிலக்குகள் இருந்தன. போபால் விஷவாயு கசிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, டெல்லியில் வேறொரு ஆலையில் கசிந்த ஓலியம் வாயு பற்றிய வழக்கில், அபாயமான தொழில் நடத்துபவருக்கு அந்த விதிவிலக்குகள் எதுவும் கிடையாது, பொறுப்பு முழுமையானது என்று 1986 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்றது. இவையெல்லாம் உறுதியான தளம். ஆனால் கோட்பாடு உங்கள் பக்கம் இருந்தாலும், இந்த ஆலையின் இந்தக் கழிவுதான் இந்த மனிதரின் இந்த நோய்க்குக் காரணம் என்ற சங்கிலியை நீங்கள்தான் கோக்க வேண்டும். வழக்குகள் உடைவது அங்கேதான்.

ஜப்பானின் அனுபவத்தை இதற்காகவே படியுங்கள். மினமாட்டாவில் நரம்பு நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அங்கிருந்த ஆலையின் மெத்தில் பாதரசக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். இடைப்பட்ட பன்னிரண்டு வருடமும் காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்ற பேச்சிலேயே கழிந்தது, அத்தனை காலமும் கழிவு போய்க்கொண்டே இருந்தது. தொயாமாவில் ஜின்சு ஆற்றுப் படுகை மக்களுக்கு எலும்பு நொறுங்கும் இத்தாய் இத்தாய் நோய் வந்தது. சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் காரணம் என்று அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, உடலுக்குள் காட்மியம் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு படியாக நிரூபிக்கச் சொன்னது சுரங்கத் தரப்பு. நோய் எங்கே பரவியிருக்கிறது, யாருக்கு வருகிறது, ஆற்று நீர் பாயாத இடத்தில் வருகிறதா என்ற மக்கள்தொகை அளவிலான ஆதாரமே போதும் என்று 1971இல் நீதிமன்றம் ஏற்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் மக்களே வென்றார்கள். இந்த வகை ஆதாரத்தை எல்லா நாட்டு நீதிமன்றங்களும் ஒரே அளவுக்கு ஏற்பதில்லை. ஒரு பொருள் பொதுவாக இந்த நோயைத் தரும் என்பது ஒன்று, என் கட்சிக்காரருக்கு வந்த நோய் அதனால் வந்தது என்பது இன்னொன்று. புகைப்பிடிக்கும் ஒருவருக்கு நுரையீரல் நோய் வந்து, அவர் வீட்டின் பக்கத்தில் ஆலையும் இருந்தால், எந்த நேர்மையான மருத்துவராலும் நூறு சதவீதம் உறுதி சொல்ல முடியாது. அந்த இடத்தில் பொய்யான உறுதி கொடுக்கும் சாட்சியைத் தேடிப் போகாதீர்கள். குறுக்கு விசாரணையில் அது மொத்த வழக்கையும் இழுத்துக்கொண்டு கீழே விழும்.

நான் வந்த மூன்றாம் வருடம் ஒரு கிணற்று வழக்கு. தண்ணீர் நிறம் மாறியதை ஊரே பார்த்திருந்தது. ஒரு இளைஞர் அதைக் காலிக் குளிர்பான பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து, ஆய்வகத்தில் கொடுத்தார். எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் மூன்றே கேள்வி கேட்டார். பாட்டிலை எதனால் கழுவினீர்கள்? முத்திரை வைத்தது யார்? அந்த இரண்டு நாள் பாட்டில் எங்கே இருந்தது? அறிக்கை ஒதுக்கப்பட்டது. அந்த இளைஞர் மேல் தப்பில்லை. மாதிரி எடுக்கும் முன்பே அவரிடம் நான் பேசியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த ஊர்க் குழு வந்தாலும் முதல் ஒரு மணி நேரம் மாதிரி எடுப்பது எப்படி என்பதைத்தான் பேசுகிறேன். ஆய்வகம் தரும் பாட்டில், எடுத்த இடம், நேரம், புகைப்படம், இரண்டு சாட்சி, குளிர்பெட்டி, கைமாறும்போது ஒவ்வொருவர் கையெழுத்து. காலக்கெடுவும் இதே மாதிரிதான். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்குப் பல நாடுகளில் சில வாரங்களே அவகாசம். தகவல் பலகையில் ஒட்டிய அறிவிப்பை யாரும் பார்க்காமல் போய், நியாயம் முழுக்க இருந்தும் கதவு மூடிப்போனவர்கள் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வழி எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு பெரிய வேலைக்களம் மாணவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அது நிலமும் வணிகமும். அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் என்ற இடத்தில் 1942இலிருந்து சுமார் பத்து வருடம் ஒரு நிறுவனம் வேதிக்கழிவுகளைப் புதைத்தது. 1953இல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது, பின்னால் எங்களைக் கேட்கக்கூடாது என்ற வாசகத்தோடு. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்படி, புதைத்தவர் மட்டும் அல்லாமல் இன்றைக்கு நிலத்தை வைத்திருப்பவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாகலாம், பழைய செயலுக்கும் அந்தப் பொறுப்பு பொருந்தும். அதிலிருந்து, நிலத்தையோ நிறுவனத்தையோ வாங்கும் முன் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வழக்கறிஞர் வேலையின் பகுதியானது. பழைய வரைபடங்கள், பழைய உரிமங்கள், அந்த இடத்தில் முன்பு வேலை பார்த்தவர்களின் பேச்சு, துளையிட்டு எடுத்த மண், எல்லாவற்றையும் வைத்து, விற்பவர் எதற்குப் பொறுப்பு, வாங்குபவர் எதற்குப் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நிலையான வருமானம் தரும் பிரிவு இது. பகட்டில்லாத வேலை, ஆனால் அந்த நிலத்தின் மேல் நாளைக்கு ஒரு பள்ளிக்கூடம் வரலாம் என்பதை மறக்காமல் செய்தால் அதற்கு மேல் பொது நன்மை தருவது அதிகமில்லை.

குற்ற வழக்குகள் தனி உலகம். கழிவை இரவில் கொட்டுவது ஒரு வகை, அளவீட்டுப் பதிவைத் திருத்துவது இன்னொரு வகை. இரண்டாவதில் நிரூபிப்பது பல நேரம் எளிது, ஏனென்றால் பொய்க் கணக்கு தாளிலோ கணினியிலோ உட்கார்ந்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் டீசல் கார்களில் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்தது 2015இல் வெளிப்பட்டது. 2017இல் அமெரிக்காவில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்ற, உரிமையியல் அபராதமாக 430 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. காற்றை மாசுபடுத்தியதோடு, ஏமாற்றியதும் அங்கே வழக்கின் முதுகெலும்பாக இருந்ததைக் கவனியுங்கள்.

காட்டுயிர்ச் சட்டம், அபாயகரக் கழிவை நாடு விட்டு நாடு கடத்துவது, வேதிப்பொருள் பதிவு ஆகியவை ஒவ்வொன்றும் ஒருவரின் முழு வாழ்க்கைக்கும் போதுமான பிரிவுகள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கு 1973ஆம் ஆண்டின் ஒப்பந்தம், அபாயகரக் கழிவுக்கு 1989ஆம் ஆண்டின் பாசல் ஒப்பந்தம் என்று தொடங்கிப் படிக்கலாம். உயிரினச் சட்டத்துக்கு எவ்வளவு பல் இருக்க முடியும் என்று தெரிய ஒரு வழக்குப் போதும். டென்னசியில் ஏறக்குறைய கட்டி முடிந்த அணையை, ஸ்னெய்ல் டார்ட்டர் என்ற விரலளவு மீனுக்காக நிறுத்தியது சரியே என்று 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே அந்த அணைக்கு மட்டும் நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்துவிட்டது. தீர்ப்போடு எதுவும் முடிவதில்லை என்பதற்கும் அதே வழக்குதான் சாட்சி.

பன்னாட்டுச் சட்டத்தில் எல்லோரும் தொடங்கும் இடம் ட்ரெயில் உருக்காலை. கனடாவிலிருந்த ஆலையின் கந்தக டை ஆக்சைடு, எல்லைக்கு அப்பால் அமெரிக்க விளைநிலங்களைக் கெடுத்தது. தன் மண்ணிலிருந்து எழும் புகையால் அடுத்த நாட்டுக்குத் தீங்கு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமையில்லை என்று 1941இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பில் இந்த முதல் பாதியைத்தான் சொல்வார்கள். தீங்கு கடுமையானதாக இருக்க வேண்டும், அதற்குத் தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும் என்ற இரண்டாம் பாதியும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. பாட்டில் வழக்கில் நான் கற்றதும் அதைத்தான்.

இப்போது இளையவர்கள் எல்லோரும் கேட்கும் காலநிலை வழக்குகள். இதில் உறுதியானதையும் உறுதியாகாததையும் பிரித்துக்கொள்ள வேண்டும். அரசுக்கு எதிரான வழக்கு வெல்லக்கூடியது என்பது நிலைபெற்றுவிட்டது. 2020 முடிவதற்குள் 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதம் பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று நெதர்லாந்து அரசுக்கு இட்ட உத்தரவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் தொடுத்த வழக்கில், போதிய நடவடிக்கை எடுக்காதது மனித உரிமை மீறல் என்று 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டபூர்வக் கடமை என்று 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. ஆனால் தனியார் நிறுவனம் ஒன்றைக் குறிப்பிட்ட சதவீதம் குறைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியுமா என்பது இன்னும் தீரவில்லை. ஷெல் எண்ணெய் நிறுவனம் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2021இல் வந்த உத்தரவு, 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் ரத்தானது. நிறுவனத்துக்குக் கடமை உண்டு என்றார்கள், எண்ணைத்தான் நிர்ணயிக்க மறுத்தார்கள். நதிக்குச் சட்ட ஆளுமை தருவதும், அதாவது மனிதரைப் போல அதற்கும் சட்டத்தில் உரிமை உண்டு என்பதும் அப்படித்தான். நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றுக்கு 2017இல் சட்டம் வந்தபோது மனம் நெகிழ்ந்தேன். அதனால் ஒரு ஆற்றின் தண்ணீர் எத்தனை தெளியும் என்பதைச் சொல்ல இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். இந்தப் பிரிவுக்குள் போக விரும்பினால் போங்கள், ஆனால் முதல் ஐந்து வருடம் அனுமதியும் ஆதாரமும் பழகிவிட்டுப் போங்கள் என்பது என் கருத்து. உமிழ்வு வழக்கும் கடைசியில் ஒரு எண்ணை நிரூபிக்கும் வழக்குதான்.

கடைசிக் கேள்வி, அறிவியல். பட்டம் தேவையில்லை. வரலாறும் இலக்கியமும் படித்துவிட்டு வந்து இந்தத் துறையில் சிறந்த குறுக்கு விசாரணை செய்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சில விஷயங்களைக் கற்றே ஆக வேண்டும். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பது கண்ணில் பட்டவுடன் உறைக்க வேண்டும். ஒரு ஆய்வக அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அதற்குப் பொருள் சுழியம் அல்ல, அந்தக் கருவியால் பார்க்க முடிந்த குறைந்த அளவுக்குக் கீழே என்றுதான் பொருள். அந்தக் குறைந்த அளவே சட்ட வரம்பைவிட அதிகமாக இருந்தால் அந்த அறிக்கை எதையும் நிரூபிக்கவில்லை. இதை மட்டும் கேட்டே நான் ஒரு சாட்சியை மௌனமாக்கியிருக்கிறேன். காற்று எந்தத் திசையில் வீசுகிறது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று வரைபடத்தில் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரியாததை, தெரிந்தவரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். நல்ல நீரியலாளர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கேட்டால் ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

இப்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், ஏதாவது ஒரு ஆலைக்குத் தரப்பட்ட அனுமதி ஆணையைத் தேடி எடுங்கள். பல நாடுகளில் இது இணையத்திலேயே கிடைக்கும், இல்லையென்றால் தகவல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைப் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் நான்கு கேள்வி எழுதுங்கள்: யார் அளப்பது, எங்கே, எத்தனை நாளைக்கு ஒரு முறை, மீறினால் என்ன? பதில் இல்லாத வரிகளை மட்டும் தனியாக எடுத்து எழுதி வையுங்கள். எழுதி முடித்தபின் இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.